மறுமொழி: இன்ஃபில்ட்ரேஷன் – ஊடுருவலா, சதையேறலா?

வணக்கம்.

> இன்ஃபில்ட்ரேஷன் = ஊடுருவல்
> எக்ஸ்ட்ராவேசேஷன் = குழல்புறப் பெருக்கு

பேராசிரியர் ஐயா, நீங்கள் முன்வைத்த இந்த இரண்டு சொற்களையும் ஒரு வாரம் வார்டில் வைத்துப் பார்த்தேன். சிரையில், அதாவது கையில் ஊசி குத்தும் ரத்தக்குழாயில், ஏற்றுவது சிரைக்கு வெளியே சதைக்குள் பாய்ந்தால் இன்ஃபில்ட்ரேஷன். பாய்வது சதையைப் புண்ணாக்கும் மருந்தாக இருந்தால் எக்ஸ்ட்ராவேசேஷன். முதல் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், "ஊடுருவல் அறிகுறி தென்பட்டால் செவிலியரிடம் தெரிவிக்கவும்" என்று கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். எழுபதைத் தாண்டிய அம்மா, புறங்கையில் நீல வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்றச் சிரையில் செருகி வைக்கும் மெல்லிய குழல். ரவுண்டு போனபோது போர்வையை விலக்கினால் கை முழங்கை வரை உப்பியிருக்கிறது. கண்ணாடி வளையல் தோலுக்குள் புதைந்து கிடக்கிறது. தொட்டால் ஜில்லென்றிருக்கிறது. சொட்டு மெதுவாக விழுகிறதே என்று மகள் டிரிப்ஸ் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் தள்ளி வேகப்படுத்தியும் வைத்திருந்தார். "ஏம்மா கூப்பிடல?" என்று மகளிடம் கேட்டேன். "பன்னெண்டு மணிக்கே வீங்குச்சு சிஸ்டர். தண்ணி ஏறுதுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார். தலைக்கு மேல் இருந்த அறிவிப்பை அவர் படித்துத்தான் இருந்தார். ஆனால் ஊடுருவல் என்று அவர் கேள்விப்பட்டதெல்லாம் செய்தியில், எல்லையில் நடப்பது. நல்ல வேளை, ஓடியது வெறும் நார்மல் சலைன். லைனை எடுத்துவிட்டுக் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தோம், மெல்ல வடிந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சொல்லை எங்களுக்கு முன்னால் சொல்ல வேண்டியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர். அவர் வாயில் வராத சொல் அகராதியில் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

சரி, எங்கள் வாயில் என்ன இருக்கிறது? "வென்ஃப்ளான் அவுட்." ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஓவர் கொடுக்கையில் இப்படித்தான் சொல்வோம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குழல் முழுசாகக் கழன்று வந்தாலும் அவுட், அடைத்துக்கொண்டாலும் அவுட், நுனி சிரையை விட்டு நழுவி மருந்து தோலுக்கு அடியிலேயே சிரைக்கு வெளியில் பாய்ந்தாலும் அவுட். அடுத்த ஷிப்ட்காரி போய்ப் பார்த்தால்தான் எது என்று தெரியும். எங்களுக்கும் ஒரு சொல் தேவைதான்.

"கசிவு" போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இணைப்பு தளர்ந்து பிளாஸ்திரி நனைந்தால் அது கசிவு, கண்ணுக்குத் தெரியும், திருகினால் சரியாகிவிடும். நான் சொல்வது தோலுக்கு அடியில் நடப்பது. மேலே பிளாஸ்திரி காய்ந்தே இருக்கும். மருந்து செலுத்தும் பம்பில் போட்டிருந்தால் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும், அலாரம் அடிக்கும் என்று நம்ப முடியாது. பின்னுக்கு இழுத்தால் ரத்தம் வந்தும் கூட வெளியே பாய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நோயாளிகள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். "சிஸ்டர், மருந்து சதையில ஏறிடுச்சு." கிராமத்துப் பாட்டிகள் இதைத்தான் சொல்கிறார்கள். டிரிப்ஸ் ஏற்றுவது, ரத்தம் ஏற்றுவது என்று அந்த வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏற்றியது ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். யோசித்துக்கொண்டே கேன்டீனில் டீ குடிக்கும்போது எனக்கே புரையேறியது, அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் தப்பான வழியில் போவதற்குத் தமிழில் புரையேறல் என்று ஒரு சொல் இருக்கிறதே! மருந்து தப்பான வழியில் போனால் சதையேறல். யாருக்கும் விளக்கவுரை எழுத வேண்டாம்.

"சதையேறல் என்றால் உடம்பு பெருத்ததுபோல் இருக்கிறதே" என்று தனி மடலில் கிண்டல் வந்தது. "சதையேற்றம்" என்று முடித்தால் அந்தச் சிக்கல் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மருந்து சதையேறிடுச்சு" என்று எழுவாயோடு சொல்லும்போது யாரும் எடையைப் பற்றி நினைக்கமாட்டார்கள். "தசையேறல்" என்று திருத்த வேண்டாம், தயவுசெய்து. தசை என்றால் தசையூசி நினைவுக்கு வரும், அது நாங்கள் வேண்டுமென்றே போடுவது.

யாழ்ப்பாணத்து அண்ணா, ஒரே ரத்தக்குழாய்க்கு உங்கள் பாடநூல்களில் நாளம், எங்கள் பாடநூல்களில் சிரை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மரபு உங்களுடையது. நாளத்தை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சதையேறலில் இரண்டுமே இல்லை. சிரைக்கு வார்டில் எல்லாரும் சொல்லும் "நரம்பு"ம் இல்லை, அது இன்னொரு நிம்மதி.

சிரையே புண்பட்டு வீங்கும் ஃபிளெபைட்டிஸுக்குச் சிரையழற்சி இருக்கிறது, போதும். அங்கே சூடும் சிவப்பும், இங்கே குளிர்ச்சியும் வெளுப்பும் இறுக்கமும். குழல் அடைக்காமலிருக்கச் சலைன் தள்ளும் ஃபிளஷுக்கு "அலசல்" நன்றாகவே ஓடுகிறது. "பத்து மில்லி சிரிஞ்சில் சலைன் எடுத்து, விட்டு விட்டுத் தள்ளி அலசு" என்று மாணவிகளிடம் சொன்னேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை.

இனி எக்ஸ்ட்ராவேசேஷன். ஐயா, இதற்குத் தனிச்சொல் வேண்டும் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, காரணம் மட்டும் வேறு. சலைன் சதையேறினால் நிறுத்திவிட்டு லைனை எடுத்துவிடுவோம். புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினோ டாக்ஸோரூபிசினோ, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினோ சதையேறினால் நிறுத்த வேண்டும், ஆனால் குழலை உடனே பிடுங்கக் கூடாது. அதே குழல் வழியாகச் சிரிஞ்சால் எவ்வளவு மருந்து திரும்ப வருமோ அவ்வளவையும் இழுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒத்தடம்கூட மருந்துக்கு மருந்து மாறும். வின்கிரிஸ்டினுக்கு வெந்நீர் ஒத்தடம், டாக்ஸோரூபிசினுக்கு ஐஸ். ஆக, சொல்லைக் கேட்டதுமே கை வேறு வேலை செய்ய வேண்டும்.

இப்படிச் சதையைப் புண்ணாக்கும் மருந்துகளுக்குப் பெயர் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். "கொப்புளமருந்து" என்று வைத்தால், இருமல் மருந்து மாதிரி, கொப்புளத்தைக் குணமாக்கும் மருந்து என்றாகிவிடும். "சுடுமருந்து" என்றால் சூடாகக் கொடுப்பது. "புண்ணாக்கி" என்று சொன்னேன்; எங்கள் சீனியர் அக்கா, "ஏன்டி, மாட்டுத் தீவனமா?" என்று கேட்டுவிட்டார். இப்போதைக்குக் கையில் இருப்பது "கடுமருந்து". கடுமருந்து சதையேறல். சற்று நீளம்தான், ஆனால் ஓவர் கொடுக்கும்போது "ஆறாவது பெட், கடுமருந்து ஓடுது, கையைப் பாரு" என்று சொன்னால் புரிகிறது.

நோயாளியோடு இருப்பவர்களுக்கான தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, ஜில்லென்று இருந்தாலோ, வலித்தாலோ மருந்து சதையேறியிருக்கலாம். உருளையை நீங்கள் தொடாதீர்கள். எந்த நேரமானாலும் சிஸ்டரைக் கூப்பிட்டு, 'மருந்து சதையேறிடுச்சு' என்று சொல்லுங்கள்."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடுமருந்துக்கு மேலான சொல் யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அன்று எனக்கு நைட் டூட்டி, இரண்டு மணி ரவுண்டு முடிந்ததும் பார்ப்பேன்.