மொரப்பூர் கேட்டில் 72 வேகன்: போனதா, இல்லையா?

ஓசூர்_டீசல்:
1970-களில் தருமபுரி மாவட்டம் மொரப்பூர் ஸ்டேஷன் வழியாக 72 வேகன் சரக்கு ரயில் போகும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சும்மா அளக்க வேண்டாம். 58 வேகன் கோர்த்ததே 1980-களில் பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன் வந்த பிறகுதான். அன்றைய டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் 2,600 குதிரைத்திறன். இன்றைய டபிள்யூ.ஏ.ஜி-9 மின்சார எஞ்சின் 6,000. பாதித் திறனை வைத்துக்கொண்டு 72-ஐ எப்படி இழுக்கும்?

மொரப்பூரான்:
எழுதியது நான்தான் தம்பி. பள்ளிக்கூடம் விட்டால் ரயில்வே கேட் சாத்தியிருக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு எண்ணுவோம். செங்காவி நிற மூடுபெட்டிகள், நடுவில் எண்ணெய் டாங்கி, கடைசியில் பச்சைக்கொடியோடு கார்டு. கார்டு வண்டியைச் சேர்க்காமல் 72. நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை.

பொம்மிடி_பாயிண்ட்ஸ்மேன்:
இருவரும் சொல்வது ஒரே வேகன் இல்லை. அண்ணன் எண்ணியது நாலு சக்கர வேகன், சரக்கோடு சுமார் 32 டன். பாக்ஸ்-என் எட்டுச் சக்கரம், 81 டன். 72 வேகன் 2,300 டன், 58 பாக்ஸ்-என் 4,700 டன். அப்போது வெற்றிடத்தால் இயங்கும் வாக்குவம் பிரேக் வேறு. வண்டி நீள நீள வால்பக்கம் பிடிப்பு குறையும், விடுபடவும் நேரமாகும்.

மொரப்பூரான்:
எடையை யார் கேட்டது? நான் எண்ணியது வேகன். 72.

ஓசூர்_டீசல்:
டன் கணக்கு வந்ததும் நழுவுகிறீர்கள். வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன் நீளமே 686 மீட்டர். 58 பாக்ஸ்-என் நின்றாலே 620 மீட்டர் போய்விடும். 72 எங்கே நிற்கும்?

மொரப்பூரான்:
நின்றது. பார்த்தேன்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போகும் ரேக்கை சாமல்பட்டியில் நின்று பாருங்கள் ஐயா. அதுதான் நீளம்.

மொரப்பூரான்:
தலைநகருக்கே ரயில் இல்லாத மாவட்டத்துக்காரர் எனக்கு ரயில் காட்ட வேண்டாம்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-லேயே குறுகிய பாதை ரயில் வந்தது. 1941-ல் மூடிவிட்டார்கள். இன்றுவரை திரும்ப வரவில்லை. அந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கு எங்கே புரியும்?

மொரப்பூரான்:
எங்களுக்கா புரியாது? மொரப்பூர்–தருமபுரி பாதையும் 1906-ல் வந்து 1941-ல்தான் போனது. மறுபடி போட 2019-ல் அடிக்கல் நட்டார்கள். பாதை போனதிலிருந்து தருமபுரிக்காரர்கள் சென்னை வண்டி பிடிக்க எங்கள் ஊருக்குத்தான் வந்தார்கள்.

தகடூர்_தமிழ்:
வந்தால் என்ன? எங்கள் தருமபுரி வழியாக பெங்களூருக்கு மீட்டர் கேஜில் ரயில் ஓடியதே, அது கணக்கில் இல்லையா?

மொரப்பூரான்:
அதை இழுத்தது 1,400 குதிரைத்திறன் ஒய்.டி.எம்-4. அதைச் சரக்கு ரயில் பேச்சில் கொண்டுவராதீர்கள்.

பொம்மிடி_பாயிண்ட்ஸ்மேன்:
நாலு சக்கரமா, எட்டுச் சக்கரமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஓசூர்_டீசல்:
சக்கரம் எத்தனையாக இருந்தாலும் 72 கிடையாது. பொம்மிடி தாண்டி லோக்கூர் ஏற்றத்தில் ஒற்றை டீசல் திணறியிருக்கும்.

மொரப்பூரான்:
திணறியது. சத்தம் பொம்மிடி வரை கேட்கும். ஆனாலும் ஏறியது. 72.