64 எம்பி ராமில் ஓப்பன்பிஎஸ்டி: பூட் ஆன பிறகும் அரை மணி நேரம் டிஸ்க் ஓடுகிறது, உதவி தேவை

பழையபெட்டி:
வணக்கம். அப்பா 1999-இல் வாங்கிய மடிக்கணினி இது. பென்டியம் 2, ராம் 64 எம்பி. அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியின் ஐ386 (32-பிட்) பதிப்பைப் போட்டிருக்கிறேன். எழுதவும், எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குள் போகவும் மட்டும்தான், எக்ஸ் (வரைகலைத் திரை) வேண்டாம். பூட் ஆகும்போது 'ரீஆர்டரிங்' என்ற வரியில் கால் மணி நேரம் நிற்கிறது. லாகின் வந்த பிறகும் டிஸ்க் விளக்கு அணைவதில்லை, ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் வரப் பல நொடிகள். அரை மணி போனால் தானாகச் சரியாகிவிடுகிறது. டிஸ்க் சாகப்போகிறதா?

முனையம்:
அந்த நேரத்தில் டாப் (ஓடும் புராசஸ்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். மேலே நிற்பது எது, ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்) எவ்வளவு?

பழையபெட்டி:
'எல்டி' என்று ஒன்று. ஸ்வாப்பும் ஏறிக்கொண்டே போகிறது. நான் எதையும் கம்பைல் செய்யவே இல்லையே!

முனையம்:
அப்படியானால் டிஸ்க் மேல் சந்தேகம் வேண்டாம். எல்டி என்பது லிங்கர், கம்பைல் ஆன துண்டுகளை (ஆப்ஜெக்ட் ஃபைல்களை) ஒன்றாக இணைப்பது. ஓப்பன்பிஎஸ்டி ஒவ்வொரு பூட்டிலும் லிப்சி, லிப்கிரிப்டோ போன்ற பொது லைப்ரரிகளின் உள்பகுதிகளை வரிசை மாற்றி மறுபடி இணைக்கும். எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தாக்குபவர் ஊகிக்க முடியாமல் செய்ய. 'ரீஆர்டரிங்' வரி அதுதான். பிறகு பின்னணியில் அடுத்த பூட்டுக்கான கர்னலையும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதேபோல இணைக்கும். இந்தக் கர்னல் இணைப்பு 2017-இல் 6.2 பதிப்போடு வந்தது. கர்னலின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் எல்லாவற்றையும் லிங்கர் ஒரே சமயத்தில் கையாள வேண்டும். 64 எம்பிக்குள் அது அடங்காது, அதனால் ஸ்வாப்பில் புரள்கிறது.

முதல் பாதியை நிறுத்தலாம். ரூட்டாக 'ஆர்சிசிடிஎல் டிசேபிள் லைப்ரரி_ஏஎஸ்எல்ஆர்' கொடுங்கள். ஒரு பாதுகாப்பு அடுக்கு போகும். வெளியாருக்குச் சேவை எதுவும் திறக்காத கணினி என்பதால் நானாக இருந்தால் ஒப்புக்கொள்வேன். கர்னல் பகுதியை மட்டும் தொடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தங்களைப் போடும் சிஸ்பேட்ச் கட்டளை கர்னலைத் திருத்தும்போது அதே வழியைத்தான் நம்புகிறது. பாதியில் கரண்ட் போனாலும் பயமில்லை, புதியது முழுதாக இணைந்த பிறகுதான் பழையதன் இடத்தில் வைக்கும்.

தறிநூல்:
அவர் சொன்னதோடு எஸ்எம்டிபிடி (மெயில் சேவை), எஸ்என்டிஐஓடி (ஒலிச் சேவை) இரண்டையும் டிசேபிள் செய்யுங்கள். முதலாவது ஒன்றுதான் என்று நினைப்போம், உள்ளே பல புராசஸாகப் பிரிந்து நிற்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் உள்ளூர் மெயில் வராது, அவ்வளவுதான். அப்புறம், தினமும் ஷட்டவுன் செய்யாமல் 'இசட்இசட்இசட்' கொடுத்துத் தூங்க வையுங்கள். பூட் இல்லை என்றால் இந்த இணைப்பு வேலையும் இல்லை.

பழையபெட்டி:
மூன்றும் செய்தேன். 'ரீஆர்டரிங்' வரியே வரவில்லை. கர்னல் இணைப்பு இன்னும் பன்னிரண்டு நிமிடம் எடுக்கிறது; அது முடியும்வரை லாகின் செய்யாமல் விட்டுவிடுகிறேன். தூங்க வைத்து எழுப்பினால் நேற்று விட்ட வரியிலேயே கர்சர் நிற்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.