உபுண்டுவில் மெட்டாஸ்ப்ளாய்ட் நிறுவல் சிக்கல்: அதே கணினியில் சரிசெய்வதா, விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதா?

புதுக்கணு:
வணக்கம். ஆய்வகத்தில் பலர் பயன்படுத்தும் உபுண்டு 24.04 கணினி. மெட்டாஸ்ப்ளாய்ட் (பாதுகாப்புச் சோதனைக்கான கருவித்தொகுப்பு) வேண்டும் என்று யாரோ காலி லினக்ஸ் (பாதுகாப்புச் சோதனைக்கென்றே உள்ள லினக்ஸ்) ரெப்போவை, அதாவது அதன் மென்பொருள் களஞ்சியத்தை, ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது எதை நிறுவப் போனாலும் ‘அன்மெட் டிபென்டன்சீஸ்’ (தேவையான துணைப் பேக்கேஜ்கள் பொருந்தவில்லை) என்று நிற்கிறது. லிப்சி6-இன் (பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) புதிய பதிப்பைக் கேட்கிறது, இருப்பது 2.39. ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ கொடுத்தால், நீக்கப்போகும் பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டாப், நெட்வொர்க்-மேனேஜர் எல்லாம் வருகிறது. இன்னும் ‘ஒய்’ அழுத்தவில்லை. என்ன செய்யலாம்?

கட்டளைவரி:
‘என்’ அழுத்தி வெளிய வாங்க. அந்தப் பட்டியலைப் படிக்காம ‘ஒய்’ தட்டினா டெஸ்க்டாப்பும் போகும், நெட்டும் போகும். காலி, டெபியன் லினக்ஸோட டெஸ்டிங் கிளையை ஒட்டி ஓடுற, தொடர்ந்து புதுப்பிச்சுக்கிட்டே இருக்கிற ரோலிங் வெளியீடு. லிப்சி அங்கே ஏறிக்கிட்டே இருக்கும்; உபுண்டு 24.04-ல 2.39-லயே நிக்கும். ரெண்டும் டெப் (பேக்கேஜ்) கோப்புதானேன்னு கலந்தா இப்படித்தான் முட்டும். டெபியன் விக்கியில இந்தக் கலப்படத்துக்கு ‘ஃபிராங்கன்டெபியன்’னு பேரே வெச்சிருக்காங்க.

முதல்ல ‘ஆப்ட் பாலிசி லிப்சி6’ ஓட்டிப் பாருங்க. ‘இன்ஸ்டால்டு’ வரியில உபுண்டு பதிப்பே இருந்தா பெரிய சேதமில்லை. காலி ரெப்போ கோப்பை எடுத்துட்டு ‘ஆப்ட் அப்டேட்’ கொடுங்க.

வேர்ப்பயனர்:
எடுத்துவிட்டால் முடிந்தது என்பதை நான் ஏற்கவில்லை. லிப்சி தப்பியிருந்தாலும் வேறு எந்தெந்த பேக்கேஜ்கள் காலியிலிருந்து ஏறின என்று யாருக்குத் தெரியும்? ரெப்போவை நீக்கியதும் அவை தாமாகப் பழைய பதிப்புக்கு இறங்காது. பலர் நம்பி வேலை செய்யும் கணினி இது. தரவைப் பிரதி எடுத்துவிட்டு உபுண்டுவைப் புதிதாக நிறுவுங்கள். காலியை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் தனியாக ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுங்கள். அதை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்கும் விஎம்வேருக்கும் ஆயத்த இமேஜ்களை அவர்களே தருகிறார்கள். யாரோ எழுதிய எக்ஸ்ப்ளாய்ட் (பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்தும்) நிரலை, மற்றவர்களின் கோப்புகள் இருக்கும் அதே கணினியில் ஓட்டுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. விர்ச்சுவல் மெஷினில் என்ன உடைந்தாலும் முன்பு சேமித்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

குறுக்குவழி:
இவ்ளோ எதுக்கு? காலி ரெப்போவோட கையொப்பச் சாவியில (கீ) பிழை வந்தா ‘ட்ரஸ்டட்=யெஸ்’ போடுங்க. பிப் (பைத்தான் நிரல்களை நிறுவுற கருவி) மறுத்தா ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போடுங்க. எனக்கு எல்லாமே ஓடுது.

வேர்ப்பயனர்:
தயவுசெய்து யாரும் இதைப் பின்பற்றாதீர்கள். 2025 ஏப்ரலில் காலி குழு, தங்கள் ரெப்போவின் சைனிங் கீயை அணுக முடியாமல் போனதாக அறிவித்துப் புதிய கீ வெளியிட்டது. அப்போது எல்லோருக்கும் அப்டேட் நின்றது. புதிய கீரிங் (கீ இருக்கும்) கோப்பை இறக்கி வைத்தால் போதும், அவ்வளவுதான் தீர்வு. ‘ட்ரஸ்டட்=யெஸ்’ போட்டால் கையொப்பச் சோதனையே போய்விடும்; நடுவில் எவன் பேக்கேஜை மாற்றி வைத்தாலும் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு அது ஏறும்.

கட்டளைவரி:
இதுல வேர்ப்பயனர் சொல்றதுதான் என் கருத்தும். பைத்தான் கருவிகளுக்கு பிப்எக்ஸ் இருக்கு, தனித்தனி சூழல்ல வெச்சிடும். சிஸ்டம் பைத்தானைத் தொடவே வேண்டாம்.

ஆனா புதுசா நிறுவணும்கறதுல ஒத்துக்க மாட்டேன். எது ஏறுச்சுன்னு தெரியாதுன்னீங்க, தெரியும். ரெப்போவை எடுத்து அப்டேட் பண்ணினப்புறம் ‘ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு’ பாருங்க. காலியிலேர்ந்து வந்த பதிப்புக்குப் பக்கத்துல ‘லோக்கல்’னு காட்டும். ஆப்ட் பிரிஃபரன்சஸ்ல உபுண்டுவுக்கு 1001 முன்னுரிமை கொடுத்தா பதிப்பைக் கீழிறக்கும். 1000 இல்லன்னா அதுக்கு மேல இருந்தாத்தான் அதுக்குச் சம்மதிக்கும். லிப்சியே மாறியிருந்தா மட்டும் இதுல இறங்காதீங்க, அப்போ புதுசா நிறுவறதுதான் வழி.

விர்ச்சுவல் மெஷினும் எல்லாத்துக்கும் ஆகாது. லேப்டாப்புக்குள்ள இருக்கிற வைஃபை கார்டு அதுக்குத் தெரியாது. மானிட்டர் மோடு (சுத்தி ஓடுற வைஃபை போக்குவரத்தைக் கவனிக்கிறது) வேணும்னா தனி யுஎஸ்பி அடாப்டர் வேணும். நாட் முறையில (ஹோஸ்ட் கணினியோட முகவரிக்குப் பின்னால) வெச்சு ரிவர்ஸ் ஷெல் (எதிர்க்கணினியே நம்மகிட்ட இணைஞ்சு வர்றது) எடுக்கப் போனா, எதிர்ப்பக்கம் திரும்பி வர வழியில்லாம செஷன் திறக்காது. கருவியே கெட்டுப்போச்சுன்னு நினைச்சு திரும்பத் திரும்ப நிறுவுறவங்க நிறைய.

வேர்ப்பயனர்:
பிரிட்ஜ் முறைக்கு (நெட்வொர்க்கில் விர்ச்சுவல் மெஷினுக்குத் தனி முகவரி) மாற்றினால் அந்தச் சிக்கல் தீரும். வைஃபை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர் கேட்பது மெட்டாஸ்ப்ளாய்ட் மட்டும்.

கட்டளைவரி:
அது மட்டும்னா இன்னும் எளிது. மெட்டாஸ்ப்ளாய்டைப் பராமரிக்கிற ரேபிட்7 நிறுவனம் தர்ற இன்ஸ்டாலர் தனக்கு வேண்டிய ரூபி மொழியையும் சேர்த்து ‘ஓபிடி’ (/opt) அடைவுக்குள்ள வெச்சுக்கும். சிஸ்டம் லைப்ரரிகளோட மோதாது. நெட்வொர்க்கை ஆராயற என்மேப், வயர்ஷார்க் ரெண்டும் உபுண்டு ரெப்போலயே இருக்கு.

புதுக்கணு:
லிப்சி6 உபுண்டுவுடையதுதான். லோக்கல் என்று வந்த சில பேக்கேஜ்களைக் கீழிறக்கிவிட்டேன், டெஸ்க்டாப் பத்திரம். ரேபிட்7 இன்ஸ்டாலரும் ஏறிவிட்டது. ஆனால் அதன் டேட்டாபேஸை உருவாக்க ‘சுடோ எம்எஸ்எஃப்டிபி இனிட்’ (சுடோ, ரூட் உரிமையோடு ஓட்டும் கட்டளை) கொடுத்தால் ரூட்டாக ஓட்டக்கூடாது என்கிறது. எல்லா வழிகாட்டியிலும் சுடோ போட்டுத்தானே இருக்கிறது?

கட்டளைவரி:
அதெல்லாம் காலிக்கு எழுதினது. காலியில இதே கட்டளை ரூட் இல்லாம ஓடாது; ரேபிட்7 தொகுப்புல ரூட்டா இருந்தா ஓடாது. சுடோவை எடுத்துட்டு ஓட்டுங்க. டேட்டாபேஸ் உங்க ஹோமுக்குள்ள ‘.எம்எஸ்எஃப்4’ அடைவுல உருவாகும்.

வேர்ப்பயனர்:
என் கவலையே அதுதான். ஸ்கேன் முடிவுகளும், கிடைத்த கடவுச்சொற்களும் அங்கே சேரும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் அடைவுகள் 750 அனுமதியோடு (மற்ற பயனர்கள் நுழைய முடியாது) உருவாகின்றன. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினி என்றால் 755 ஆகவே இருக்கும், யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். டேட்டாபேஸை உருவாக்கும் முன் அதைச் சரிபாருங்கள்.

புதுக்கணு:
755 தான் இருந்தது. 700 (உரிமையாளருக்கு மட்டும்) ஆக்கிவிட்டு, சுடோ இல்லாமல் ஓட்டினேன். ‘டிபி_ஸ்டேட்டஸ்’ இப்போது ‘கனெக்டட்’ என்கிறது.