தில்லி சாணக்யபுரி ஓட்டலில் தங்கிய சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்

கொலுசுப் பட்டறை, சேவாப்பேட்டை:

அடுத்த மாதம் தில்லி போகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொலுசு பார்க்க வருகிறார். சந்திப்பைத் தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் வைத்துவிட்டார். நானும் அங்கேயே தங்குவதா, இல்லை வழக்கம்போல் கரோல்பாக்கில் தங்கிவிட்டு அன்று மட்டும் போய் வருவதா? ஓர் இரவு வாடகையைப் பார்த்தால், பட்டறையில் ஒருவருக்கு ஒரு மாதக் கூலியே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சேகோ ஆலை, ஆத்தூர்:

தம்பி, நான் இரண்டு இரவு தங்கியிருக்கிறேன். ஓட்டல் பெயர் வேண்டாம். கனடாவில் இந்திய மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒருவரைப் பார்க்கப் போனேன். புரட்டாசி, நவராத்திரி நாட்கள். பையில் மூன்று ரக ஜவ்வரிசி மாதிரி, ரகத்துக்கு அரைக் கிலோ.

ஆட்டோவை வெளி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகும் கார்களுக்கு டிக்கி திறந்து பார்ப்பது, அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பது எல்லாம் உண்டு. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஓட்டல்கள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. நான் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே போனேன். பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனதும் பெல்ட் நின்றுவிட்டது. திரையில் என் ஜவ்வரிசி பொடிப்பொடி உருண்டையாகத் தெரிகிறது. இரண்டு பேர் குனிந்து பார்க்கிறார்கள். "என்ன இது?" என்று இந்தியில் கேட்டார் காவலாளி. எனக்குத் தெரிந்த இந்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரக்கு சம்பந்தப்பட்டதுதான். "சாபுதானா" என்றேன். மனிதர் முகம் மாறிவிட்டது. அவர் ஒன்பது நாள் விரதம். வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு அரிசி, கோதுமை தொடமாட்டார்கள், நம் ஜவ்வரிசிதான் ஆகாரம். உறையைப் பிரித்து, நாலு மணியை உள்ளங்கையில் போட்டு, "கிலோ என்ன விலை?" என்றார். ஆலை விலையைச் சொன்னேன். அவர் வாங்கும் விலையைச் சொன்னார். அந்த ஓட்டலில் அதற்குப் பிறகு நான் கேட்ட எந்த விலையும் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி தரவில்லை.

அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தை, திரை, பழத்தட்டு. வேண்டியதைவிட நாலு தலையணை அதிகம்.

மறுநாள் காலை உணவில் விரதக்காரர்களுக்கென்று தனி மேசை. அதில் சாபுதானா கிச்சடி. வெங்காயம், பூண்டு கிடையாது, சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை. ஆசையாக ஒரு கரண்டி எடுத்தேன். கிச்சடி இல்லை, களி. பாதி கரைந்து பசையாகிவிட்டது. மீதியில் நடுவே வெள்ளைப் புள்ளி வேகாமல் பல்லில் படுகிறது. ஒரே பாத்திரத்தில் இரண்டும் எப்படி? இருபத்தைந்து வருடமாகச் செய்யும் தொழில், சும்மா இருக்க முடியவில்லை. மேசைக்குப் பின்னால் நின்ற சமையல்காரரிடம் வேகாத ஜவ்வரிசியைக் காட்டச் சொன்னேன். கர்வால் மலைப்பக்கத்துப் பையன். குறை சொல்ல வந்துவிட்டார் என்று முதலில் பயந்தான். பிறகு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தான்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சல்லடை சரியில்லாத சரக்கு. சிறுமணியும் பெருமணியும் கலந்து கிடக்கிறது. ஊறப்போட்டால் சிறியது கரைகிற நேரத்துக்குப் பெரியதன் நடு நனைந்திருக்காது. வேறு குற்றம் ஒன்றும் இல்லை. டீ வடிகட்டி மாதிரி பெரிய கண் வடிகட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே சலித்து இரண்டு குவியலாக்கிக் காட்டினேன். மாவு போகக் கழுவி, மணி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட வேண்டும். விரலிடையில் நசுக்கினால் நடுவில் கட்டி இல்லாமல் மசிய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை என் மேசைக்கே ஒரு தட்டு வந்தது. மணி மணியாக, கண்ணாடி போல, ஒன்றோடொன்று ஒட்டாமல். எங்கள் வீட்டில்கூட அப்படி வராது. வீட்டில் இதைப் படிக்காமல் இருந்தால் சரி.

அவன் காட்டிய உறையில் தில்லியில் பொட்டலம் போட்டவர் பெயர் இருந்தது. சேலம் என்ற சொல்லே இல்லை. குச்சிக்கிழங்கு வெட்டி, பால் எடுத்து, மாவு படியவைத்து, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தது நாம். இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது நம் ஊர் கையிலெடுத்த தொழில் இது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. உறையில் ஏற இன்னும் எத்தனை வருடமோ.

கனடாக்காரர் கதை சிறியது. யாரோ வெளிநாட்டுத் தலைவர் வருகையென்று சாலையை மறித்துவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்து, இருபது நிமிடம் பேசி, மாதிரியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் வரவேற்புக்கூடத்தில் மூன்று தேநீர் குடித்துவிட்டேன். அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

காபித் தோட்டம், ஏற்காடு:

ஆத்தூர் அண்ணா சிரிக்க வைத்துவிட்டார். ஒரு விசாவுக்காக நான் போனேன். அந்த நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் கிடையாது, தூதரகத்துக்கே வரச் சொன்னார்கள். காலை எட்டரைக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பதால் நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தேன். தம்பி, அந்தப் பகுதித் தெருப் பெயர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நீதி மார்க், நியாய மார்க், சத்ய மார்க். வியாபாரிகள் கொஞ்சம் கூச்சத்தோடு நடக்க வேண்டிய இடம்.

ஓட்டலில் காபி அட்டை என்று தனியாகவே ஒன்று கொடுத்தார்கள். எத்தியோப்பியா, கொலம்பியா, சிக்மகளூர், கூர்க். எங்கள் ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக் காபியைக் காணோம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி எங்கள் மலையில் இன்னும் காய்க்கிறது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகு, கீழே அராபிகா. பரிமாறிய பெண்ணிடம் சொன்னேன். "எழுதிக்கொள்கிறேன், மேடம்" என்று நிஜமாகவே எழுதிக்கொண்டாள். ஃபில்டர் காபி கேட்டேன். வந்தது டபராவில்தான், ஆனால் டிகாஷன் இல்லை, இயந்திரக் காபி. நுரையை மட்டும் ஆற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். குடித்துவிட்டேன்.

விசா கிடைத்தது.

உருக்காலை ஓய்வு:

அந்தக் காலத்தில் எங்களை அசோகா ஓட்டலுக்குக் கூட்டத்துக்கு அனுப்புவார்கள். 1956இல் யுனெஸ்கோ மாநாட்டுக்காகக் கட்டியது, அரசாங்க ஓட்டல். நான் உள்ளே போனதும் செய்த முதல் காரியம், எங்கள் சேலம் ஆலை எவர்சில்வரா என்று தட்டைத் திருப்பிப் பார்த்ததுதான். பீங்கான். கரண்டியைப் பார்த்தேன், முத்திரை இல்லை. எங்கள் ஆலைத் தகட்டில் காசு அச்சடிப்பதற்கான வட்ட வில்லைகளும் வெட்டினோம். அதனால் பெட்டி தூக்கிய பையனுக்குச் சில்லறையாகக் கொடுத்தேன், நம் ஊர்ச் சரக்காகவே இருக்கட்டும் என்று. அவன் அப்படி நினைத்த மாதிரி தெரியவில்லை.

முன்னாள் வரவேற்பு மேசை, அஸ்தம்பட்டி:

அந்தப் பகுதி ஓட்டல் ஒன்றில் நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அண்ணா. நீங்கள் அங்கே தங்கத் தேவையில்லை. சந்திப்புக்கு வருபவர் யார், எங்கே தங்கியிருக்கிறார் என்று எங்களுக்குக் கவலையே கிடையாது. தூதரகங்களின் தேசிய தின விருந்து நடக்கும் மாலையில் முந்நூறு பேர் வந்து போவார்கள், ஒருவரும் அறை எடுத்தவராக இருக்கமாட்டார். கரோல்பாக்கில் தங்கி, வாடகைக் காரில் வந்து இறங்குங்கள், ஆட்டோ வேண்டாம். ஆத்தூர் அண்ணா நடந்த தூரம் எனக்குத் தெரியும்.

தங்குவதாக முடிவு செய்தால் இரண்டு விஷயம். காட்டும் வாடகையோடு வரி 18 சதவீதம் சேரும், 7,500 ரூபாய்க்கு மேல் போன அறைக்கு அதுதான் கணக்கு. அப்புறம், உள்ளே நுழையும்போது கார்டில் ஒரு தொகையை முன்பணமாக நிறுத்திவைப்பார்கள். கிளம்பும்போது விடுவித்தாலும் வங்கியில் திரும்பத் தெரியச் சில நாட்கள் ஆகும். மறுநாள் சரக்குக்குப் பணம் கட்ட வைத்திருக்கும் கார்டை நீட்டிவிடாதீர்கள். மாதத்துக்கு ஒருவராவது என் மேசை முன்னால் நின்று, பணத்தைத் திருடிவிட்டோம் என்று கத்துவார்.

கொலுசுப் பட்டறை, சேவாப்பேட்டை:

எல்லோருக்கும் நன்றி. கரோல்பாக் என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். நான் கொண்டுபோவது நாலு கிலோ வெள்ளி. ஜவ்வரிசிக்கே பெல்ட்டை நிறுத்தினார்கள் என்றால், இதற்கு?

முன்னாள் வரவேற்பு மேசை, அஸ்தம்பட்டி:

டெலிவரி சலானைப் பெட்டியில் வைக்காதீர்கள், சட்டைப் பையில் வையுங்கள். அரை மணி நேரம் முன்னால் போங்கள். ஒரு ஜோடியை மட்டும் தனியாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி திறப்பதற்கு முன்பே அதைக் காட்டிவிடலாம். சத்தம் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

சேகோ ஆலை, ஆத்தூர்:

விலையை மட்டும் சொல்லிவிடாதே, தம்பி.