ரீகோன் வண்டியில் ஹீட்டர் சூடாக வரவில்லை, கேமரன் ஏறினால் கண்ணாடி ஆவி பிடிக்கிறது

பிறை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஓட்டுவது ஏழு பேர் உட்காரும் ஒரு ரீகோன் வண்டி (வெளிநாட்டில் ஓடி, இங்கே இறக்குமதியான பழைய வண்டி), 2.4 பெட்ரோல் எஞ்சின், ஜப்பானிலிருந்து வந்தது. எனக்கு முன்னால் இன்னொருவர் இங்கே சில வருடம் ஓட்டிவிட்டு விற்றார். பினாங்கு வெயிலில் ஹீட்டரை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? ஏர்கோன் நல்ல குளிர்ச்சி, அதனால் அந்தப் பக்கம் கவனமே போகவில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். கம்போங் ராஜா தாண்டியதும் நல்ல மழை, உள்ளே ஆள் நிறைய, முன் கண்ணாடி முழுக்க ஆவி. அம்மாவுக்குக் குளிர் ஆகாது, நெஞ்சு கட்டிக்கொள்ளும். ஹீட்டரைக் கடைசி வரை ஏற்றி வைத்தேன், ஓடும்போது ஏதோ வெதுவெதுப்பாக வருகிறது, நெரிசலில் நின்றால் அதுவும் இல்லை. காற்று வேகமாகத்தான் வருகிறது, சூடுதான் இல்லை.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு, விட்டுவிடுங்கள் என்கிறார்கள். டிசம்பரில் திரும்பப் போகிறோம், விட எனக்கு மனசில்லை. ரிசர்வ் தொட்டியில் தண்ணீர் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் நிறம் கொஞ்சம் பழுப்பு. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஈப்போ_போமன்:
தம்பி, விடக்கூடாது. ஹீட்டர் என்பது தனியாக ஓடும் சாமான் இல்லை, எஞ்சினைச் சுற்றிவரும் அதே சுடுதண்ணீர்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள்ளும் போகிறது, அதைத்தான் ஹீட்டர் கோர் என்பார்கள். அங்கே சூடு வரவில்லை என்றால் பெரும்பாலும் எஞ்சின் தண்ணீர் ஓட்டத்தில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோளாறு பினாங்கு பாலத்தில் ஓடினாலும் எஞ்சினைத் தின்னும்.

பழுப்பு நிறம் என்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. யாரோ கூலண்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும், துரு தடுக்கும் திரவம்) பதில் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே துரு பிடித்திருக்கிறது. அந்தச் சேறு முதலில் போய் அடைத்துக்கொள்வது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான்.

முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். ரிசர்வ் தொட்டி நிறைந்திருந்தும் ரேடியேட்டர் உள்ளே குறைவாக இருக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வதுபோல் ஓடும்போது வெதுவெதுப்பு, நின்றால் குளிர் என்றால் தண்ணீர் குறைவாகவோ உள்ளே காற்று அடைத்தோ இருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான் வரும்.

அப்புறம் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்குங்கள், வண்டிக் கம்ப்யூட்டரில் செருகி எஞ்சின் விவரம் படிக்கும் கருவி அது, போனில் புளூடூத்தில் பார்க்கிற சின்னது போதும். நெடுஞ்சாலையில் ஓட்டிக் கூலண்ட் சூடு எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 80 டிகிரிக்கு மேல் போய் அங்கேயே நிற்க வேண்டும். 60, 70 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். நம் நாட்டில் இது சாதாரணம், வண்டி சூடேறுகிறது என்று போனால் சில இடங்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால், கேபினுக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. இரண்டும் சூடு என்றால் தண்ணீர் போய்வருகிறது, கோளாறு உள்ளே காற்றைத் திருப்பும் கதவில். ஒன்று சூடு ஒன்று குளிர் என்றால் கோர் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் முன்னே சொன்ன தெர்மோஸ்டாட் சந்தேகம். ஒரே ஹோஸை வளைத்து இரண்டு முனையையும் சேர்த்திருந்தால் யாரோ ஹீட்டரையே வெட்டிவிட்டிருக்கிறார்கள், கோர் ஒழுகியிருக்கும்.

செந்தூல்_வேன்காரர்:
போமன் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் கேமரனுக்கும் கெந்திங் மலைக்கும் ஆள் ஏற்றுபவன், கண்ணாடி விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் உயிர்.

ஆவி பிடித்தால் ஏர்கோனை அணைக்காதீர்கள், பலர் குளிருகிறது என்று அதைத்தான் முதலில் அணைக்கிறார்கள். ஏர்கோன்தான் காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்குகிறது, இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். காற்று முன் கண்ணாடிக்குப் போகிற பட்டனைப் போடுங்கள், உள்காற்றைச் சுற்றுவதை நிறுத்தி வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஏழு பேர் மூச்சு விடும் வண்டியில் உள்காற்றே சுற்றினால் ஈரம் எங்கே போகும்? ஹீட்டர் இல்லாத உள்ளூர்ச் சின்ன வண்டிகள் எத்தனையோ இப்படித்தான் ஏறி இறங்குகின்றன.

இன்னொன்று, விரலால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். உள்ளே துடைத்துப் போகவில்லை என்றால் ஆவி வெளிப்பக்கம், அதற்கு வைப்பர் போட்டு, ஏர்கோன் குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். உள்ளே பிசுபிசுப்பாகப் படலம் வந்து, இனிப்பு வாடை அடித்து, பயணி பக்கக் கார்பெட் ஈரமாக இருந்தால் கோர் ஒழுகுகிறது. அந்த நிலையில் அம்மாவை அதில் ஏற்றாதீர்கள், அந்த ஆவி நெஞ்சுக்கு நல்லதில்லை.

பிறை_வாசி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கார்பெட் காய்ந்திருக்கிறது, வாடை இல்லை. ஸ்கேனர் வைத்து பட்டர்வொர்த்திலிருந்து தைப்பிங் வரை ஓட்டினேன், 68, 70 என்று நிற்கிறது, இறக்கத்தில் இன்னும் குறைகிறது. ஹோஸ் இரண்டும் சேர்த்துக் கட்டவில்லை, ஆனால் ஒன்று வெதுவெதுப்பு, மற்றது கிட்டத்தட்ட குளிர். வேறு ஒரு போமனிடம் (மெக்கானிக்) தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறக்கச் சொன்னேன், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் ரப்பர் வளையம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. புதிது போட்டால் வண்டி சூடேறுமோ என்று அவர் பயப்படுகிறார். என்ன செய்யலாம் அண்ணே?

ஈப்போ_போமன்:
அவர் பயப்படுவது நியாயம்தான், ஏன் கழற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் போடக்கூடாது. ஆனால் இல்லாமல் ஓட்டுவதும் தப்பு. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும், எஞ்சின் எண்ணெயில் ஈரம் சேரும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், ஏற்றத்தில் அதனாலேயே சூடேறும்.

முதலில் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் ஏற்றி ஒழுகல் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள், ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து. ரேடியேட்டர் விசிறிகள் ஓடுகின்றனவா, ரேடியேட்டர் நடுவில் குளிர்ந்த திட்டு இருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள், அதை முடிக்காமல் மேலே போகாதீர்கள்.

அதெல்லாம் சரி என்றால் கோரைக் கழுவலாம். இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து தோட்டத்துக் குழாயால் மெதுவாக விடுங்கள், பிறகு மாற்றி விடுங்கள், தெளிவாக வரும் வரை. காற்று கம்ப்ரஸரோ உயர் அழுத்தத் தண்ணீரோ வேண்டவே வேண்டாம், பழைய கோர் பிளந்தால் டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டிவரும். உங்கள் வண்டியில் பின்சீட்டுக்குத் தனி ஹீட்டர் இருந்தால் வண்டிக்கு அடியில் போகும் அதன் பைப்பில் துரு இருக்கிறதா என்றும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் பானைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள், பல எஞ்சின்களுக்கு 82 டிகிரி வாக்கில் வாயைத் திறக்க ஆரம்பிக்க வேண்டும், எண் அதன் மேலேயே அச்சடித்திருக்கும். அதில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி இருந்தால் அது பொதுவாக மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. பிறகு கலந்தே வரும் கூலண்ட், வண்டிக் கையேட்டில் சொன்ன வகை, பைப் தண்ணீர் கலக்காமல். ஊற்றும்போது முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி அடங்கும் வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கிவிடும், நீங்கள் திரும்பவும் வெதுவெதுப்பு என்று இங்கே வருவீர்கள்.

டிசம்பருக்கு முன் கெந்திங் ஒரு தடவை ஏறி, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். ஏற்றத்தில் 100ஐத் தாண்டாமல், இறக்கத்தில் 80க்குக் கீழே ரொம்பப் போகாமல் இருந்தால் அம்மாவைக் கூட்டிப் போகலாம்.