பொண்ணுக்கு சின்னப் பேரு தேடுறீங்களா? மீரான்னா முதல்ல ஸ்பெல்லிங்க முடிவு பண்ணுங்க

ஜெர்மனி வந்து நாலு மாசம் தான் ஆகுது, பிப்ரவரில டெலிவரி, ஊர்லயும் இங்கயும் வாயில நுழையுற மாதிரி ரெண்டெழுத்துப் பேரா சொல்லுங்கக்கான்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. அவங்க லிஸ்ட்ல மீராவும் இருந்துச்சு. எங்க வீட்டு வாண்டு பேரும் அதே தான், அந்தப் பேர வச்சு நாங்க பட்டது கொஞ்சம் இல்ல, அதனால நீளமா தான் வரும், பொறுத்துக்கோங்க.

நாங்க ஊர்ல எழுதுற மாதிரியே எம், ரெண்டு ஈ, ஆர், ஏன்னு ஆஸ்பத்திரி ஃபார்ம்ல போட்டுட்டோம். இங்க ரெண்டு ஈ சேர்ந்து வந்தா 'ஏ'ன்னு தான் படிப்பாங்க. டீக்கு 'தே', பனிக்கு 'ஷ்னே', கடலுக்கு 'மேர்', எல்லாத்துலயும் அந்த ரெண்டு ஈ தான். இது அப்ப எங்களுக்கு எங்க தெரியும். முதல் தடுப்பூசிக்கு டாக்டர்கிட்ட போனப்ப ரிசப்ஷன்ல இருந்த அம்மா 'மேரா, மேரா'ன்னு மூணு தடவ கூப்பிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் யாரோ ஒரு மேராவ தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு பேசாம உக்காந்திருந்தோம், எங்களுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் உள்ள போயாச்சு.

ஃபோன்ல சொல்றது அதவிட கூத்து. ஜெர்மன்ல ஈங்கிற எழுத்துக்கு பேரு 'ஏ', ஐக்கு பேரு 'ஈ', ஏக்கு பேரு 'ஆ'. நீங்க இங்கிலீஷ் பழக்கத்துல 'எம், ஈ, ஈ'ன்னு சொன்னா அந்தப் பக்கம் ரெண்டு ஐ எழுதிக்குவாங்க, கடைசில 'ஏ'ன்னு சொன்னா அங்க ஈ விழும். இன்சூரன்ஸ் கார்டு ஒரு தடவ அப்படித்தான் யார் பேர்லயோ வந்துச்சு.

அதே பேர எம், ஐ, ஆர், ஏன்னு போட்டிருந்தா ஜெர்மன்காரங்க அட்சர சுத்தமா மீரான்னு தான் கூப்பிடுவாங்க. அந்த ஸ்பெல்லிங் ஐரோப்பாவுல பல இடத்துல ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. வேடிக்கை என்னன்னா அது ஒரே பேரு இல்ல, சத்தம் மட்டும் ஒண்ணா இருக்கிற நாலஞ்சு பேரு. செர்பியா, குரோஷியா பக்கம் 'மிர்'னா சமாதானம், மிரோஸ்லவா, மிர்யானா மாதிரி பேர சுருக்கி மீரான்னு கூப்பிடுவாங்க. ரஷ்யன்ல அதே 'மிர்'க்கு உலகம்னும் அர்த்தம் உண்டு, 1986ல சோவியத்காரங்க அனுப்பின விண்வெளி நிலையத்துக்கு வச்ச பேரும் அதான். அல்பேனியன்ல 'மிர'ன்னா நல்லது, அவங்க வணக்கமே 'மிரதிதா', அதாவது நல்ல நாள், அங்கயும் மீரான்னு பொண்ணுங்க உண்டு. யூதக் குடும்பங்கள்ல மிரியம்ங்கிற பேரோட சுருக்கமா வரும்.

லத்தீன்ல 'மிரா'ன்னா அதிசயமானவ. எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான். டேவிட் ஃபேப்ரிசியஸ்னு ஒரு பாதிரியார், இங்க வடக்க ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்ல இருந்தவரு, 1596ல ஒரு நட்சத்திரத்தப் பாத்தாரு, கொஞ்ச நாள்ல அது மங்கி காணாமப் போச்சு, அப்புறம் மறுபடியும் வந்து நின்னுச்சு. கிட்டத்தட்ட 11 மாசத்துக்கு ஒரு தடவ பிரகாசமாகி மங்குற நட்சத்திரம் அது. 1662ல ஹெவேலியஸ்ங்கிற வானியல்காரர் அதுக்கு மிரான்னே பேரு வச்சாரு.

நம்ம மீரா ராஜஸ்தான்ல 16ஆம் நூற்றாண்டுல இருந்த மீராபாய் வழியா வந்தது. நம்ம மீராவும் இந்த ஐரோப்பா மிராவும் ஒரே வேர்னு வாட்ஸப்புல வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அந்த லத்தீன் மிராவும் செர்பியா, ரஷ்யா பக்கத்து ஸ்லாவிக் மிரும் கூட ஒண்ணுக்கொண்ணு சொந்தம் இல்ல. லத்தீன் சொல்லுக்கு நம்ம பக்கம் ஒரு தூரத்து உறவு இருக்குன்னா அது ஸ்மிதா தான்! சிரிப்புங்கிற பழைய வேர்ல இருந்து ரெண்டும் வந்ததுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, இங்கிலீஷ் ஸ்மைலும் அதே குடும்பம். ஸ்பானிஷ்ல மட்டும் 'மிரா'ன்னா 'இங்க பாரு'. பார்சிலோனா போனப்ப தெருவுல ஒவ்வொரு அம்மாவும் பிள்ளைங்கள 'மிரா மிரா'ங்க, எங்காளு திரும்பித் திரும்பிப் பாத்தே கழுத்து வலிச்சுருச்சு.

தங்கச்சி லிஸ்ட்ல இருந்த மத்த பேருங்க. லீலாவுக்கு ரெண்டு ஈ போட்டா லேலா, ஐ போட்டா சரியா வரும் ஆனா 'லிலா'ன்னா இங்க ஊதா கலரு. வீணா வேனா ஆகும், 'வேனே'ன்னா ரத்தக்குழாய், யோசிச்சுக்கோங்க. மலர்னா பெயிண்டர்னு காதுல விழும். உமாவ கேட்டா பாட்டிய கூப்பிடுறீங்களோன்னு பாப்பாங்க, பாட்டிக்கு இங்க 'ஓமா'. ஜெயாவுக்கு ஜே போட்டீங்கன்னா யாயா தான். ஆனா அந்த ஜேயால மாயாவுக்கு லாபம், 1912ல வந்த தேனீக் கதையால எம், ஏ, ஜே, ஏன்னு எழுதுற மாயாவ இங்க எல்லாருக்கும் தெரியும்.

பொறந்து ஒரு வாரத்துக்குள்ள ஸ்டாண்டஸாம்ட்டுக்கு, அதாவது பிறப்பு பதிவு பண்ற ஆபீசுக்கு, தகவல் போயிரணும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பிரும். பேரு முடிவாகலைன்னா ஒரு மாசம் டைம் இருக்கு, பிரசவ அசதில அவசரப்பட்டு எழுதிக் குடுக்காதீங்க, நாங்க பண்ணின தப்பு அது தான். பர்த் சர்டிபிகேட்ல என்ன ஸ்பெல்லிங்கோ அதே தான் பாஸ்போர்ட் வரைக்கும் கூட வரும். ஆணா பெண்ணான்னு தெரியாத பேரு வைக்க முடியாதுன்னு யாராவது பயமுறுத்தினா, கிரண்ங்கிற நம்ம ஊர் பேர ஒரு பொண்ணுக்கு வைக்கலாம்னு 2008லயே கார்ல்ஸ்ரூஹ அரசியலமைப்பு கோர்ட் சொல்லியாச்சு.

கீழ ஒரு தம்பி, நாங்களும் ரெண்டு ஈ போட்டுட்டோமே, மாத்திட்டீங்களான்னு கேட்டிருக்காரு. மாத்தலப்பா. இப்ப அவளுக்கு அஞ்சு வயசு, கிட்டாவுல (இங்க மழலையர் பள்ளிக்கு அதான் பேரு) புதுசா யாராவது பேரு கேட்டா அவளே சொல்லிருவா, "மீரா, ஆனா எழுதும்போது கடல் மாதிரி எழுதணும்"னு.