வள்ளத்தில் லேப்டாப்: பேட்டரி மேல் தூக்குவாளி விழுந்த நாள்

கோட்டையூர்க்காரன்:

நான் கடலில் வேலை பார்ப்பது எங்கள் அப்பத்தாவுக்குப் பிடிக்காது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால்தான் நகரத்தாரான நம்மவர்கள் இந்த வறண்ட சீமைக்கு வந்தார்கள், வெள்ளத்துக்குப் பயந்துதான் தெருவைவிட உயர்த்தி வீடு கட்டினார்கள் என்று கேட்டு வளர்ந்தவர். “தப்பித்து வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறாயே” என்பார்.

போன வருடம் ஆறு வாரம் போனேன். தொண்டிக்கு வடக்கே, ஒரு நாட்டு வள்ளத்தில், கடற்புல் வளரும் இடங்களின் ஆழத்தை அளக்கும் வேலை. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்ததிலிருந்து இந்தப் பக்கம் கடற்பசுவின் உணவான கடற்புல்லைத் தேடி வரும் ஆய்வுக் குழுக்களை நானே அடிக்கடி பார்க்கிறேன். அப்படி ஒரு குழுவுக்குக் கருவி பிடிக்கிற ஆள் நான். ஆழமானியும் ஜிபிஎஸ்ஸும் லேப்டாப்போடு இணைந்திருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட வேண்டும். வெயிலில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று திரை வெளிச்சத்தை முழுதாக வைத்தால் லேப்டாப்பின் சொந்த பேட்டரி இரண்டரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

வள்ளத்தில் இருந்தது கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புகிற டீசல் இயந்திரம். அதற்கு பேட்டரியும் கிடையாது, ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. மின்சாரம் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போக வேண்டும்.

எடுத்த எடுப்பில் எல்லோரும் செய்வதையே செய்தேன். பழைய கார் பேட்டரி ஒன்று, 45 ஆம்பியர் மணி. விலை மலிவாகக் கிடைத்த 300 வாட் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரி முனையில் முதலைவாய்க் கிளிப்பைக் கடிக்க வைத்து, இன்வெர்ட்டரில் வீட்டுச் சார்ஜரைச் செருகினேன். சார்ஜர் வண்டுபோல ரீங்காரமிட்டது, கை வைக்க முடியாமல் சுட்டது. மதியத்துக்கு முன்பே இன்வெர்ட்டர் ‘பீப்’ என்று கத்தி அணைந்துவிட்டது. அணைவதற்கு முன் வள்ளம் ஓட்டுகிறவர் வலையை ஒதுக்கும்போது ஈரக் கையால் இன்வெர்ட்டரைத் தொட்டு, சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் சொன்னது இது: “தம்பி, வீட்டில் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதே என்பீர்கள். இங்கே ஈரத்துக்கு நடுவே ஸ்விட்சைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே?”

கேள்வி நியாயமானது. 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக ஏற்றி, அதைச் சார்ஜர் மறுபடி 20 வோல்ட்டாக இறக்குகிறது. இரண்டு இடத்திலும் சூடாக வீணாகிறது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர் தெறிக்கிற பலகையில் ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம். என் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும். எனவே 12 வோல்ட்டிலிருந்து நேராக 20 வோல்ட் கொடுக்கும் 65 வாட் கார் சார்ஜர் வாங்கினேன். இன்வெர்ட்டர் பரணுக்குப் போனது. உருண்டை முனை கொண்ட பழைய லேப்டாப் என்றால் அதற்குரிய 19 அல்லது 19.5 வோல்ட் கொடுக்கும் மாற்றி தனியாகக் கிடைக்கிறது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

இனிமேல்தான் தூக்குவாளி.

மூன்றாவது வாரம். பேட்டரியைக் காய்கறிக் கூடை மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடியில்லாமல் வைத்திருந்தேன். அதற்கு மேலே ஆணியில் புளிச்சோறு தூக்குவாளி தொங்கியது. பக்கவாட்டில் ஓர் அலை. வாளி ஆடி, கழன்று, விழுந்தது. அதன் கைப்பிடிக் கம்பி பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்காகப் படுத்துக்கொண்டது. வெல்டிங் பட்டறையில் பார்ப்பதுபோல வெள்ளை வெளிச்சம், பட்டாசுச் சத்தம், சுட்ட ஈயத்தின் வாடை. கம்பி ஒட்டிக்கொண்டு செந்நிறமாகிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் துடுப்பால் ஓர் அடி அடித்து அதைத் தள்ளிவிட்டார். எல்லாம் இரண்டு மூன்று விநாடி. புளிச்சோறு மொத்தமும் வள்ளத்தின் அடித்தண்ணீரில்.

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் சார்ஜருக்குள் இருந்த ஃபியூஸும் போகவில்லை. அதுதான் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அன்று விடியற்காலைதான் அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்து கழற்றியிருந்தேன். சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்றும், காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும் என்றும் அப்புறம்தான் படித்தேன். காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் மதிலை ஒட்டிச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவன் நான். மின்வேதியியலுக்கென்று நாட்டுக்கே ஆய்வகம் வேண்டுமென்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட இடம். அந்த ஊரில் வளர்ந்தும் பேட்டரிக்கு மூடி போடத் தோன்றவில்லை.

படகில் லேப்டாப்புக்கு மின்சாரம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கார் சார்ஜர் போட்ட பிறகும், பேட்டரியில் பாதி இருக்கும்போதே சில நாள் அணைந்துவிடுகிறது.

காரைக்குடி பட்டறைக்காரர்:

24 வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். முதலில் ஃபியூஸ். அது லேப்டாப்பைக் காப்பாற்ற வைப்பதில்லை, ஒயர் தீப்பிடிக்காமல் இருக்க வைப்பது. உங்கள் சார்ஜருக்குள் இருக்கும் ஃபியூஸ் ஒயரின் கடைசியில் இருக்கிறது. நடுவில் ஒயர் உரசித் தோல் போனால் அதற்குத் தெரியவே தெரியாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். ஆனால் தூக்குவாளி விழுந்தது அந்த ஒரு சாணுக்கும் முன்னால். அந்த இடத்தில் எந்த ஃபியூஸும் வேலை செய்யாது. முனைக்கு உறை போடுவதும் பெட்டிக்கு மூடி போடுவதும்தான் வழி. நாங்கள் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிவிடுவோம்.

இப்போது உங்கள் குழப்பம். ஒயர் என்ன கனம்? 0.75 சதுர மில்லிமீட்டர் என்று நினைக்கிறேன், கார் சார்ஜருக்கு நீட்டிப்பாக விற்பது அதுதான். பேட்டரி பின்னால், நீங்கள் நடுவில் என்றால் நான்கு மீட்டர். போக வர எட்டு மீட்டர். 65 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். அந்த ஒயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். பேட்டரி முனையில் 11.9 இருந்தால் சார்ஜரிடம் 10.7 தான் போய்ச் சேரும். பேட்டரி காலி என்று நினைத்து அது அணைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்டோடு நிற்கும். முதலைவாய்க் கிளிப்பைத் தூர எறிந்துவிட்டு ஒயர் நுனியில் லக் என்ற உலோக வளையத்தை அடித்துப் போல்ட் முடுக்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் நான் நம்புவதில்லை. இயந்திரத்தின் அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்து, பாதித் தொடர்பில் சுட்டு, உருகிப்போனவற்றை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

பட்டன் ஸ்டார்ட் இயந்திரம் உள்ள படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டார்ட் செய்யும்போது லேப்டாப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரம் 12 வோல்ட் 9, 10 என்று விழும். ஓடும்போது ஆல்டர்னேட்டர் முனை தளர்ந்தால் அதற்கு மாறாக வோல்ட் எகிறும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு சார்ஜரைப் பறிகொடுத்தார். ஸ்டார்ட்டர் பேட்டரியிலேயே லேப்டாப்பை ஓட்டுபவர்களுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. நடுக்கடலில் இயந்திரம் கிளம்பாது. அதற்கும் இதற்கும் தனித்தனி பேட்டரி வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு பொறியாளர்:

நான் கடலுக்குப் போனதில்லை. கண்மாய் தூர்வாரிய பிறகு கொள்ளளவு பார்க்கச் சின்ன ஃபைபர் படகில் போவேன். மாமியார் முதல் நாள் கேட்டார்: “கண்மாயில் கம்ப்யூட்டருக்கு என்னம்மா வேலை?”

என் அனுபவத்தில் அரை நாள் வேலைக்கு பேட்டரியே தேவையில்லை. 27,000 மில்லி ஆம்பியர் மணி பவர்பேங்க், 65 வாட் டைப்-சி வெளியீட்டோடு. கணக்குக்குக் கிட்டத்தட்ட 100 வாட் மணி. இழப்பு போக, 50 வாட் மணி லேப்டாப்பை ஒன்றரை முறை நிரப்பும். திறந்த முனை இல்லை, அமிலம் இல்லை, தூக்குவாளி எங்கே வேண்டுமானாலும் விழட்டும்.

எனக்கு நேர்ந்தது வெயிலால். சித்திரை மாதம், கறுப்புப் பவர்பேங்கைப் படகின் பலகையில் வைத்துவிட்டு அளந்துகொண்டிருந்தேன். லேப்டாப் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிட்டது. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நிழலில் கால்மணி நேரம் வைத்ததும் தானாக ஏறத் தொடங்கியது. லித்தியம் பேட்டரி அளவுக்கு மேல் சூடானால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரம் கொடுப்பதை நிறுத்திவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கறுப்புப் பொருள் அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். இப்போது ஈரத் துண்டு போர்த்திய தெர்மகோல் பெட்டிக்குள் வைக்கிறேன். துண்டு வெளியே, பவர்பேங்க் உள்ளே. துண்டைச் சொட்டச் சொட்டப் போடாதீர்கள்.

எங்கள் குழுப் பையன் ஒருவன் சோலார் தகட்டை நேராக லேப்டாப்பில் செருகப் பார்த்தான். 12 வோல்ட் தகடு என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 21, 22 வோல்ட் காட்டும், மேகம் வந்தால் படுத்துவிடும். நடுவில் கட்டுப்படுத்தியும் பேட்டரியும் வேண்டும். நல்லவேளை, முனை பொருந்தவில்லை.

தொண்டிக்காரர்:

எல்லாம் சரி. உப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? சாதாரணச் செம்பு ஒயரை வருடம் கழித்துத் தோலுரித்துப் பாருங்கள், உள்ளே கரிக்கோல் மாதிரி கறுத்திருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேட்டு வாங்குங்கள். முனைகளை முடுக்கிய பிறகு வாஸ்லின் தடவுங்கள். முடுக்குவதற்கு முன்னால் தடவாதீர்கள். டைப்-சி ஓட்டையில் உப்புத் தண்ணீர் பட்டால் சார்ஜரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். என் மைத்துனர் லேப்டாப் அப்படித்தான் பச்சை பூத்துப் போனது. என்னைக் கேட்டால் லேப்டாப் கரையில் இருக்கட்டும். கடலில் போனில் பதிந்துகொண்டு வந்து வீட்டில் ஏற்றுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

தொண்டிக்காரர் சொல்வது வேறு வேலைக்குப் பொருந்தும். ஆழமானியின் வரைபடத்தை அங்கேயே பார்க்காவிட்டால் கோடு தவறிய இடத்துக்கு மறுநாள் திரும்ப டீசல் செலவு செய்ய வேண்டும். டீசலுக்கு யார் கொடுப்பது?

பட்டறைக்காரர் சொன்னது சரி, 0.75 ஒயர்தான். மாற்றிவிட்டேன்.

நான் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒன்று. சார்ஜர் செருகியிருந்தால் ஆழமானித் திரையில் மழை பெய்கிற மாதிரி கோடுகள் விழுந்தன. சார்ஜருக்குள் நடக்கும் மின்மாற்றத்தின் இரைச்சல் அது. ஆகவே அளக்கும் இடத்துக்குப் போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் மதியச் சாப்பாட்டின்போதும் மட்டும் சார்ஜ். அளக்கும்போது லேப்டாப் சொந்த பேட்டரியில், சார்ஜர் ஒயர் இல்லாமல். ஓட்டுகிறவர் என் ஒயரில் கால் இடறுவதும் நின்றது.

கார் பேட்டரியை விற்றுவிட்டேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 30 ஆம்பியர் மணி. 384 வாட் மணி. லேப்டாப் சராசரியாக 40 வாட், ஆறு மணி நேரத்துக்கு 240, இழப்பு சேர்த்தால் 270-க்குள். ஈய பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், இதில் அந்தக் கவலை குறைவு. ஒற்றைக் கையால் தூக்கலாம். இதற்கென்ற சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும். முனைக்கு இதற்கும் உறை உண்டு. 

பேட்டரி இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், கயிறு கட்டி. லேப்டாப் இருப்பது அப்பத்தாவின் முறுக்குச் சம்படத்தில், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. தீபாவளிக்கு முன் சம்படத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

தூக்குவாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடியில் பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் அதில்தான் இன்னமும் சோறு கொண்டுவருகிறார். இப்போது வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் மாட்டுகிறார்.

அடுத்த முறை புது ஒயரின் இரண்டு முனையிலும் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், பட்டறைக்காரர் சொன்ன மூன்றில் ஒரு வோல்ட் சரியா என்று. எண்ணை இங்கே எழுதுகிறேன்.